ஒப்பிட எடுத்த ரத்தம்

பெரியவள் எதையும் விழுங்கவில்லை.

இதை அவள் எத்தனை பேரிடம்தான் சொல்லுவாள்? கண் மஞ்சளாகி, நிற்கக்கூட முடியாமல் ஆஸ்பத்திரியில் வந்து விழுந்த அன்றே டாக்டரம்மாவிடம் சொன்னாள். கட்டிய கணவனிடம் சொன்னாள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் சொன்னாள். யாராவது காதில் போட்டுக்கொண்டார்களா?

"கல்லீரல் இவ்வளவு வேகமா கெட்டுப்போகணும்னா உள்ள ஏதோ போயிருக்கணும்" என்று டாக்டரம்மா சொன்னதுதான் தாமதம். மாமியார் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தீர்ப்பு எழுதிவிட்டாள். "அவளே எதையோ முழுங்கியிருக்கா. வயித்துல ஒரு புள்ள தங்கலன்னா அதுக்கு இப்படியா பண்ணுவா? எங்க குடும்ப மானத்தையே வாங்கிட்டா!"

அவ்வளவுதான். பெரியவளின் கூடப்பிறந்த அண்ணன் வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்று, தங்கை முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனான். கணவன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான். எழுந்து உட்கார முடியாமல் கிடந்த ஒருத்தியைச் சுற்றி நின்றுகொண்டு அத்தனை பேரும் அவளைப் பற்றியே பேசினார்கள்.

நம்பியது ஒரே ஒருத்தி. பெரியவளுக்கு அடுத்து அந்த வீட்டுக்கு வந்த இரண்டாவது மருமகள். வீட்டில் எல்லோரும் 'சின்னவளே' என்றுதான் கூப்பிடுவார்கள். அதே ஆஸ்பத்திரியின் பின்கட்டிடத்தில் உள்ள ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை.

"டாக்டர், அக்கா பொய் சொல்ல மாட்டாங்க. அவங்களுக்கே தெரியாம ஏதாவது உள்ள போயிருக்கலாம். செடி, வேர், பொடின்னு நாட்டு மருந்து எதுவாவது ரத்தத்துல இருக்கான்னு பாத்துடலாமே?" என்று அவள்தான் டாக்டரம்மாவிடம் போய்க் கெஞ்சினாள். டாக்டரம்மாவும் சரி என்று எழுதிக் கொடுத்தார்.

இன்று காலை அந்தப் பரிசோதனை நடந்தது.

பரிசோதனைக்கூடத்தின் தலைவருக்கு 'சந்தேகம் சார்' என்று பெயர். அவர் முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். கைக்கடிகாரத்தைச் சுவர்க் கடிகாரத்தோடு சரிபார்த்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தையும் நம்பாமல் செல்போனை எடுத்துப் பார்க்கும் மனிதர். எந்த முடிவு வந்தாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல், "மறுபடி ஓட்டு."

அவர் காலையிலேயே சின்னவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"இங்க பாரும்மா, இது உன் வீட்டு கேஸ். நீ அந்த டியூபைத் தொடவே கூடாது. நாளைக்கு எவனாவது 'அவதான் மாத்தி வெச்சுட்டா'ன்னு கிளம்புவான். எல்லாத்தையும் நானே பண்றேன். நீ தள்ளி நின்னு பாரு, போதும்."

"சரி சார்."

ரத்தத்துக்குள் ஒரு வேரின் சாறு இருக்கிறதா என்று வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ரத்தத்தைச் சுழற்றித் தெளிய வைத்து, மேலே நிற்கும் நீரை எடுத்துச் சுத்தம் செய்து, பெரிய கருவிக்குள் செலுத்த வேண்டும். கருவி அதில் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, எடை பார்த்து, திரையில் ஒரு கோடாக வரைந்துகொண்டே போகும். தேடுகிற பொருள் இருந்தால், கோடு அந்த இடத்தில் கூம்பாக எழும்பும். அதற்கு அங்கே 'பீக்' என்று பெயர்.

ஆனால் அது மட்டும் போதாது. எந்த மருந்தும் மாயமும் உள்ளே போகாத ஒருவருடைய ரத்தத்தையும் பக்கத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதில் கோடு தட்டையாகப் போனால்தான் நோயாளியின் பீக்கை நம்பலாம். இப்படி ஒப்பிட்டுப் பார்க்க எடுக்கும் ரத்தத்தை அவர்கள் 'ப்ளாங்க்' என்பார்கள். அதற்காக வெளியில் ஆள் தேடிக்கொண்டிருக்க முடியுமா? அங்கே வேலை செய்கிறவர்களே முறை வைத்துக்கொண்டு கையை நீட்டுவார்கள். "எங்க சம்பளத்துல ரத்தமும் சேத்தி" என்று அவர்களுக்குள் ஒரு கிண்டல் உண்டு.

இந்த வாரம் சின்னவளின் முறை. வழக்கம் போலக் காலையில் வந்ததும் கையை நீட்டினாள். வழக்கம் போல எடுத்தார்கள்.

அவள் கை படக்கூடாது என்று அத்தனை கவனமாக இருந்தாரே சந்தேகம் சார், அவள் ரத்தம் படலாமா என்று யோசிக்கவே இல்லை. அவளும் யோசிக்கவில்லை. தினமும் செய்கிற வேலையில் இப்படித்தான் கண் கட்டிப்போகும்.

முதலில் பெரியவளின் ரத்தம் ஓடியது, ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று எடுத்ததும் நேற்று எடுத்ததுமாக இரண்டு டியூப். கோடு தட்டையாகப் போய்க்கொண்டே இருந்தது. சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். திடீரென்று கோடு விறுவிறுவென்று மேலே ஏறி இறங்கியது.

சந்தேகம் சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். ஒப்பிடுவதற்காக அலமாரியில் வைத்திருந்த தூய வேர்ச்சாறுகளில் ஒன்றின் பீக்கோடு வைத்துப் பார்த்தார். அச்சு அசலாக அதே இடம், அதே எடை.

"வேர்தான். காட்டுச் செடி ஒண்ணோட வேர். கல்லீரலுக்கு ஆகவே ஆகாது. நீ சொன்னது சரிம்மா, உங்க அக்கா உடம்புல நாட்டு மருந்து இருக்கு."

"மருந்துக்கடை மாத்திரை ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல. சுத்தம்."

சின்னவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பாடா என்று நாற்காலியில் உட்காரப் போனாள்.

"இரு, இரு. ப்ளாங்க் ஓடட்டும்" என்றார் அவர்.

ப்ளாங்க் ஓடியது. சின்னவளின் ரத்தம். கோடு தட்டையாகப் போனது, போனது, போனது. பிறகு அதே இடத்தில் மெல்லத் தலையைத் தூக்கியது. பெரியவளுடையதைப் போல அத்தனை உயரமில்லை. ஆனால் பீக் பீக்தான்.

"அட ராமா! கருவியில ஒட்டிக்கிட்டிருக்கு போல. மறுபடி ஓட்டு!" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

கருவியைக் கழுவி, வெறும் திரவத்தை ஓட்டினார். தட்டை. சின்னவளின் ரத்தத்தைப் புதிதாகத் தயார் செய்து ஓட்டினார். மறுபடியும் பீக். மனிதர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுத் தன் கையையே நீட்டி, பக்கத்திலிருந்த உதவியாளரிடம் "எடு" என்றார். அவருடைய ரத்தம் ஓடியது. கோடு குழந்தை தூங்குவது போல அசையாமல் கிடந்தது.

சந்தேகம் சார் சின்னவள் பக்கம் திரும்பினார்.

"நீ ஏதாவது நாட்டு மருந்து சாப்பிடறியாம்மா?"

"இல்ல சார். தலைவலி மாத்திரைகூட போடறதில்ல. ப்ளாங்க் குடுக்கணுமேன்னு."

"அப்ப நீயும் உங்க அக்காவும் சேர்ந்து என்ன சாப்பிடறீங்க?"

சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது.

பால்!

சில மாதங்களாக மாமியார் தினமும் தன் கையாலேயே பால் காய்ச்சி இரண்டு மருமகள்களுக்கும் கொடுத்து வருகிறாள். "ரெண்டு பேரும் இளைச்சுப் போயிட்டீங்க, குடிங்கடி" என்று அவள் தம்ளரை நீட்டும்போது, பரவாயில்லையே, அத்தைக்கு நம்மேல் இவ்வளவு பாசமா என்று இரண்டு பேரும் உருகிப்போனார்கள். பாலில் சர்க்கரை எக்கச்சக்கம். சின்னவளுக்குத் தித்திப்பு ஆகாது. இரண்டு வாய் குடித்துவிட்டு, மாமியார் அந்தப் பக்கம் திரும்பியதும், மிச்சத்தைப் பெரியவளின் தம்ளரில் ஊற்றிவிடுவாள். "அக்கா, ப்ளீஸ்க்கா, நீங்களே குடிச்சிடுங்க." பெரியவளும் சிரித்துக்கொண்டே குடித்துவிடுவாள்.

பெரியவள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு மிச்சத்தைத் தொட்டியில் கொட்டிவந்தாள். நேற்று மட்டும் அதற்கும் வழியில்லை. சின்னவள் முழுத் தம்ளரையும் குடித்து முடிக்கும்வரை மாமியார் எதிரிலேயே நின்றாள்.

"சார்," என்றாள் சின்னவள். "அக்கா அட்மிட் ஆன அன்னிக்கு எடுத்த ரத்தம் ஒண்ணு இருக்கு, நேத்து எடுத்தது ஒண்ணு இருக்கு. எதுல பீக் பெருசு?"

அவர் திரையை மாற்றிப் பார்த்தார். இந்த முறை 'மறுபடி ஓட்டு' என்று சொல்லவில்லை.

"நேத்து எடுத்ததுல" என்றார். "ஆஸ்பத்திரியில இருந்தா குறையணும். ஏறியிருக்கு."

"இங்கயும் குடுத்துக்கிட்டிருக்காங்க சார்! தினம் ரெண்டு வேளை பிளாஸ்க்ல பால் வருது!"

அவள் வாசலுக்கு ஓடும்போது சந்தேகம் சார் கூப்பிட்டார்.

"ஒரு நிமிஷம். அழுக்கான ப்ளாங்க்கைக் கீழ கொட்டிட்டு, சுத்தமான ப்ளாங்க் வெச்சு முடிக்கணும். அதான் இங்க முறை. என் ரத்தத்தை வெச்சு ரிப்போர்ட்டை முடிச்சிட்டா உன் பேரு எங்கயும் வராது. உன் குடும்பம், உன் வாழ்க்கை. யோசிச்சுச் சொல்லு."

யோசிக்க அப்போது அவளுக்கு நேரமில்லை. படிகளில் இறங்கி, இரண்டு கட்டிடங்களுக்கு நடுவில் நின்றிருந்த ஆம்புலன்ஸைச் சுற்றிக்கொண்டு, வார்டுக்கு ஓடினாள்.

வார்டில் பார்வையாளர் நேரம். பெரியவள் தலையணையில் சாய்ந்து உட்கார வைக்கப்பட்டிருந்தாள். மாமியார் பிளாஸ்கைத் திறந்து தம்ளரில் பாலை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒரே மூச்சுல குடிச்சிடணும். மிச்சம் வைக்கக்கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, குடிக்காதீங்க!"

சின்னவள் தம்ளரைப் பிடுங்கிய வேகத்தில் பாதிப் பால் போர்வையில் கொட்டியது. மிச்சத்தைப் பிளாஸ்கிலேயே ஊற்றி, மூடியைத் திருகினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"என்னடி இது, வந்ததும் வராததுமா? பேய் கீய் பிடிச்சிருச்சா?"

"வெளிய வாங்க அத்தை."

"எதுக்கு?"

"வெளிய வாங்கன்னு சொல்றேன்ல!"

வராந்தாவில் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். சின்னவளின் கையில் பிளாஸ்க்.

"இதுல என்ன கலந்தீங்க?"

"பால்ல என்னத்தக் கலப்பாங்க? சர்க்கரை."

"அப்ப நீங்களே குடிங்க. எனக்கு முன்னாடி குடிங்க பாக்கலாம்."

மாமியார் தயங்குவாள் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். நீங்களும் அப்படித்தானே நினைக்கிறீர்கள்? அந்த அம்மாள் தயங்கவே இல்லை. "குடு, குடிக்கிறேன். எனக்கென்ன பயம்!" என்று பிளாஸ்கைப் பிடுங்கி, மூடியைத் திருகி, வாய்க்குக் கொண்டு போய்விட்டாள். சின்னவள்தான் பதறிப்போய் அதைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

"ஐயோ, குடிக்காதீங்க அத்தை!"

"ஏன், விஷமா வெச்சிருக்கேன்? மருந்துடி! வேர்ப்பொடி! எத்தனை வீட்ல இதக் குடிச்சுப் புள்ள பொறந்திருக்கு தெரியுமா? உங்க ரெண்டு பேருக்கும் ஒரு நல்லது நடக்கட்டுமேன்னு கால் கடுக்க நின்னு காய்ச்சிக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா குடிப்பீங்களா? அவளாவது பரவால்ல. நீ லேப்ல வேலை பாக்கிறவ. அது என்ன, இது என்னன்னு ஆயிரம் கேள்வி கேப்ப."

"கேப்பேன்னு தெரிஞ்சுதானே கேக்காம குடுத்தீங்க!"

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கேட்டால் மறுப்பார்கள் என்று தெரியும். ஆகவே கேட்கவில்லை. இந்த ஒரு நியாயத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு எத்தனை காரியம் நடக்கிறது! செய்கிறவர்களைக் கேட்டால் பாசம் என்பார்கள். குடித்தவள் கண் மஞ்சளாகிக் கிடக்கிறாள்.

"சரி, அக்கா இங்க வந்து படுத்ததுக்கு அப்புறமுமா குடுப்பீங்க?"

"பாதியில நிறுத்தினா பலிக்காதுன்னு சொல்லியிருந்தாங்க."

சின்னவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"அவங்க செத்துப்போயிருப்பாங்க அத்தை! இன்னும் ரெண்டு வேளை போயிருந்தா யாராலயும் காப்பாத்தியிருக்க முடியாது. நீங்களே குடுத்துட்டு, அவளே முழுங்கிட்டான்னு ஊரெல்லாம் சொன்னீங்களே, எப்படி மனசு வந்துது?"

"எனக்கென்னடி தெரியும், பொடியாலதான்னு?" மாமியாரின் குரல் முதல் முறையாக உடைந்தது. "நீயும்தானே குடிச்ச? நீ குத்துக்கல்லு மாதிரி நல்லாத்தானே இருக்க!"

தான் ஏன் நன்றாக இருக்கிறோம் என்பது சின்னவளுக்குத்தான் தெரியுமே. தினமும் அவள் பங்கு போய்ச் சேர்ந்தது அந்தக் கட்டிலில் கிடப்பவளின் வயிற்றில்.

"யாரு வாங்கிட்டு வந்தது இதை?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"யாரோ குடுத்தாங்க" என்று மாமியார் முணுமுணுத்தாள்.

அப்போது சின்னவளின் கணவன் வந்துவிட்டான். ஊரின் பெரிய தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். கோபமே வராத மனிதன் என்று பெயர். பெரியவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, "அண்ணிக்கு ஏன் இப்படி ஆச்சு" என்று குலுங்கிக் குலுங்கி அழுதவன். அவனைக் கண்டதும் சின்னவளுக்குப் பாதி உயிர் திரும்பியது.

"என்னங்க, நல்ல வேளை வந்தீங்க. இந்த பிளாஸ்கைப் பத்திரமா வெச்சிருங்க. யாருகிட்டயும் குடுத்துடாதீங்க. இதை லேப்ல பாக்கணும். நான் டாக்டரைப் பாத்துட்டு வந்துடறேன்."

"குடும்மா, நான் பாத்துக்கறேன்" என்றான் அவன்.

டாக்டரம்மா ஒரே வார்த்தையில் முடித்தார். வெளியிலிருந்து இனி ஒரு துளி எதுவும் நோயாளியின் வாயில் போகக்கூடாது. நர்ஸைக் கூப்பிட்டு அங்கேயே உத்தரவு போட்டார். பிறகு சின்னவளைப் பார்த்தார்.

"எது உள்ள போச்சுன்னு தெரிஞ்சதே பெரிய விஷயம். இனி அதுக்கேத்த வைத்தியம் பண்ணலாம். பொழைக்க வாய்ப்பு இருக்கு. ஆனா இது போலீஸ் வரைக்கும் போகும். அவங்களே வாங்கிச் சாப்பிட்டாங்கன்னு உங்க வீட்ல சாதிச்சா என்ன பண்ணுவீங்க? ரத்தத்துல வேர் இருக்குன்னுதான் ரிப்போர்ட் சொல்லும். யாரு குடுத்தாங்கன்னு அது சொல்லாது."

"பிளாஸ்க் இருக்கு டாக்டர். அதுலயே பொடி இருக்கு."

"அப்ப அதைக் கொண்டு வாங்க."

கொண்டுவரத்தான் போனாள். வராந்தாவில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. தொட்டியில் குழாய் திறந்திருந்தது. அவள் கணவன் பிளாஸ்கைக் கவிழ்த்து, உள்ளே கையை விட்டு, சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான்.

"என்னங்க பண்றீங்க?"

"கழுவறேன்மா. பால் அப்படியே கிடந்தா நாத்தம் அடிக்கும்ல."

"நான் என்ன சொல்லிட்டுப் போனேன்?"

அவன் குழாயை மூடினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "வீட்ல இருந்த பொடி டப்பாவையும் அம்மாவை விட்டுப் போன் பண்ணித் தூக்கிப் போடச் சொல்லிட்டேன். வேற என்ன பண்ணச் சொல்ற? இந்த வயசுல அவங்க போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நிக்கணுமா?"

சின்னவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் சுவரைப் பார்த்தாள்.

"நீங்கதான் வாங்கிட்டு வந்தீங்களா?"

அவன் ஈரப் பிளாஸ்கை உதறிவிட்டு மூடியைத் தேடினான்.

"உங்களைத்தான் கேக்கறேன்!"

"கடைக்கு வர்ற ஒருத்தர் குடுத்தாரு. அவர் வீட்ல நல்ல பலன்னு சொன்னாரு. உனக்காகத்தான் வாங்கினேன். குழந்தை இல்லன்னு நீ அழலையா?"

"எனக்காகன்னா என்கிட்ட கேட்டிருக்கணும்!" வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். நிற்கட்டும். "என் வாய், என் வயிறு, என் ரத்தம். ஒருத்தர் பொண்டாட்டிக்கு வாங்கிக் குடுக்கறதை அவகிட்டயே மறைப்பாரா? கண்ணாடி போடறதுக்குக்கூட கடைக்கு வர்றவங்க கண்ணைச் சோதிச்சுட்டுத்தானே போடறீங்க? என் உடம்புக்கு அந்த மரியாதைகூட இல்லையா?"

"மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்கறாங்க."

"அக்காவை எல்லாரும் பாத்தாங்களே, அப்ப எங்க போச்சு இந்த வாய்? உங்க அம்மாவுக்குப் பொடியாலன்னு தெரியாது, சரி. உங்களுக்கு? ஒரு நாளாவது சந்தேகம் வரலையா?"

அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். "வந்துச்சு" என்றான்.

வந்ததாம்! வந்தும் வாயைத் திறக்கவில்லை. அழுதானே, குலுங்கிக் குலுங்கி, அது பாசத்தில் வந்த அழுகை என்று இவள் நினைத்தாள்.

"சரி விடு. அண்ணி பொழைச்சு வந்துடுவாங்க. அவங்களே ஏதோ தெரியாம சாப்பிட்டாங்கன்னு இருக்கட்டுமே. நாலு மாசத்துல எல்லாரும் மறந்துடுவாங்க. நம்ம குடும்பம் தெருவுக்கு வரக்கூடாது, அவ்வளவுதான்."

"என் ரத்தத்திலயும் அந்த வேர் இருக்கு."

அவன் முகம் வெளுத்தது. "யாருக்குத் தெரியும்?"

மனைவியின் ரத்தத்தில் விஷம் என்று கேட்ட ஒருவனின் முதல் கேள்வி இது. உனக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்கவில்லை. யாருக்குத் தெரியும் என்று கேட்டான்.

"ஒப்பிட்டுப் பாக்க என் ரத்தத்தைத்தான் எடுத்தாங்க. அதுலயும் வந்துருச்சு. ஒரே வீட்ல ரெண்டு மருமகளுக்கும் ஒரே வேர். அக்கா தானா சாப்பிட்டாங்கன்னு இனி எவனும் சொல்ல முடியாது."

"அந்த ரத்தத்தைக் கொட்டிடச் சொல்லேன். உன் லேப்தானே?" அவன் கெஞ்ச ஆரம்பித்தான். "உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். எனக்காக."

சின்னவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபமே வராத மனிதன் என்று அவனுக்கு ஏன் பெயர் வந்தது என்று அவளுக்கு இப்போது புரிந்தது. கோபப்பட வேண்டிய இடத்தில் இவன் ஒரு நாளும் நின்றதே இல்லை.

"பிளாஸ்கைக் கழுவிட்டீங்க. டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டீங்க. என்னை எந்தக் குழாயில போட்டுக் கழுவப்போறீங்க?"

சொல்லிவிட்டு அவள் செல்போனை எடுத்தாள்.

"சார், நான்தான். அந்த ப்ளாங்க்கைக் கொட்டிடாதீங்க. என் பேரைப் போட்டே எழுதுங்க."

"நல்லா யோசிச்சியாம்மா?"

"யோசிச்சுட்டேன் சார்."

"நிச்சயமா?"

"மறுபடி ஓட்டாதீங்க சார், ப்ளீஸ்."

அந்தப் பக்கம் மனிதர் கனைத்துக்கொண்டார். "சரி. ஆனா அது ப்ளாங்க்குன்னு எடுத்தது. நாளைக்கு எவனாவது குறுக்கே கேள்வி கேப்பான். டாக்டர் முன்னாடி உக்காந்து புதுசா ஒரு டியூப் குடுத்துட்டு வா. சீல் வெச்சு, அவங்க கையெழுத்தோட வரட்டும். அதோட உன் கல்லீரலையும் பாத்துடலாம். அதைக் கேக்க யாருக்கும் தோணியிருக்காது."

அவருக்காவது தோன்றியதே!

டாக்டரம்மா பெரியவளின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போடச் சொன்னார். சின்னவள் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு கையை நீட்டினாள். நர்ஸ் ஊசி போட்டாள். பெரியவள் மஞ்சள் கண்களை அகலத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எதுக்குடி ஊசி? உனக்கென்ன ஆச்சு?"

டாக்டரம்மாவும் நர்ஸும் டியூபோடு அப்பால் போன பிறகு, சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள். பால், பொடி, மாமியார், தன் கணவன், கழுவிய பிளாஸ்க். ஒன்றையும் மறைக்கவில்லை. மறைத்ததெல்லாம் போதும் என்று அவளுக்கு இருந்தது.

பெரியவள் உத்தரத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நான் எதையும் முழுங்கலன்னு சொன்னேன்ல" என்றாள் கடைசியில்.

"சொன்னீங்கக்கா."

"எங்க அண்ணன்கிட்டகூட சொன்னேன்டி."

கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. சின்னவள் துடைத்துவிட்டாள்.

"அக்கா, இன்னொண்ணு. தினம் என் பால உங்க தம்ளர்ல ஊத்தினேனே. எனக்கு வர வேண்டியதும் சேர்ந்துதான் உங்களுக்கு வந்துது. என்னை என்ன வேணா திட்டுங்க."

பெரியவள் மெல்லத் தலையை ஆட்டினாள்.

"ஊத்தலைன்னா நீயும் பக்கத்துக் கட்டில்ல படுத்திருப்ப. நம்ம ரெண்டு பேரும் படுத்துக்கிட்டா இதையெல்லாம் யாருடி கண்டுபிடிச்சிருப்பா? போ, பைத்தியம்."

சின்னவளுக்கு விம்மி விம்மி அழுகை வந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் இப்போதுதான் வெளியே வந்தது. பெரியவள் அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் பலமே இல்லை.

"ஏன்டி, எங்க வீட்டுக்காரருக்கு இது தெரியுமா?"

"தெரியலக்கா. நிஜமாவே எனக்குத் தெரியாது."

வார்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பெரியவளின் கணவன் வந்துகொண்டிருந்தான். காதில் செல்போன், கையில் பழப்பை. வராந்தாவில் தன் அம்மாவும் தம்பியும் நின்ற கோலத்தை அவன் பார்த்திருக்க வேண்டும். ஆனால் நின்று ஒரு வார்த்தை கேட்காமல், நேராக உள்ளே வந்தான்.

சின்னவள் சட்டென்று எழுந்தாள். அவள் வாயில் அத்தனை கேள்விகள் இருந்தன.

பெரியவள் அவள் கையை விடவில்லை. தலையணையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, யாருடைய உதவியும் இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் படுத்த நாளிலிருந்து அவள் தானாக எழுந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

"நீ பேசாம இரு," என்றாள். "எத்தனை நாளா என்னைப் பத்தி எல்லாரும் பேசிட்டாங்க. இப்ப நான் கேக்கறேன்."